டெண்டர் கடதாசியில் இல்லாத கான்

(தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்க அங்கத்தவர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். களைப்பு முகத்திலேயே தெரிகிறது. ஆகையால் நீட்டாமல் பேசுகிறோம்.

"டெண்டர் எல்லாம் ஆபீஸ் வேலை, அதுல எங்களுக்கு என்ன?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் சின்ன விஷயமல்ல. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டில் இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நாங்களும் கைதட்டியவர்கள்தான். ஆனால் அந்த வீடு எந்த மண்ணில் நிற்கிறது, எத்தனை மழை தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஆபீஸ் கடதாசிதான்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கடதாசி இருந்தது, சனமும் அங்கேயே இருந்தது. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இப்போது மலைச்சரிவில் வீடு கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுக்க வேண்டும். அதில் "கட்டலாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படக் கூடாது. மண்ணை எவ்வளவு உயரம் வெட்டலாம், எங்கே தாங்குசுவர், தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நிபந்தனைகளும் அதில் வரும். அந்த நிபந்தனைகள் டெண்டரோடு போகும் வேலை அளவுப் பட்டியலில் ஏறியதா? அங்கேதான் கோளாறு.

ஏனென்றால், நிபந்தனைக்குப் பொருந்தி வந்த விலைமனுக்களில் குறைந்த விலை போட்டவருக்கே பொதுவாக வேலை கிடைக்கும். பட்டியலில் இல்லாத கானுக்கு எந்தக் கொந்தராத்துக்காரரும் விலை போட மாட்டார். போட்டால் அவருடைய விலை கூடி வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

ஒரு தோட்டத்தில் நாங்களே இதில் ஏமாந்தோம். இருபது வீட்டுக்குப் படம் விரித்துக் காட்டினார்கள். எல்லோரும் அறையையும் குசினியையும் பார்த்தோம். பின்வரிசையிலிருந்த ஒரு பாட்டி மட்டும், "இந்தக் கான் எங்கே போய் முடியுது ஐயா?" என்று கேட்டார். படத்தில் கான் தாளின் ஓரத்தோடு முடிந்திருந்தது. "அது பிறகு பார்க்கலாம்மா" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். ஒரு கணக்குப் பாருங்கள். 550 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 5,000 லீற்றர் தண்ணீர் விழும். இருபது வீட்டுக்கு ஒரு இலட்சம் லீற்றர். அடுத்த மழைக்காலத்தில் அவ்வளவும் கீழ் வரிசை வீடுகளின் பின்பக்கம் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் மூன்று குசினிச் சுவர் வெடித்தது. கேட்டதற்கு, "பட்டியலில் இல்லையே" என்றார்கள். உண்மைதான், இல்லை.

மற்றவையும் இப்படித்தான். விறகு அடுப்புக்குப் புகைபோக்கி எழுதாவிட்டால் வராது, புகை முழுவதும் அம்மாமாரின் நெஞ்சுக்குத்தான். மலக்குழி பீலிக்கு மேலே வந்துவிடக் கூடாது. கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றிருந்தால் வேறு கூரை கேளுங்கள். அதை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும், வெட்டுவதும் பெரும்பாலும் நம்முடைய பொடியன்கள்தான்.

"இதெல்லாம் சேர்த்தால் செலவு கூடுமே" என்பார்கள். கூடும். அதே பணத்தில் இருபது வீட்டுக்குப் பதில் பதினெட்டுத்தான் கட்டலாம் என்று வந்தாலும் வரலாம். எங்களைக் கேட்டால், பதினெட்டே போதும், கானும் சுவரும் வேண்டும் என்போம். அப்படியானால் அந்த இரண்டு குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. அடுத்த கட்டத்தில் அவர்களுக்கே முதல் இடம் என்று சங்கக் கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விடக் கூடாது.

வீட்டைக் கையேற்ற பிறகும், கொந்தராத்துக்காரரின் பணத்தில் ஒரு பகுதியைத் திருத்த வேலைகளுக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்குள் ஒழுக்கு, வெடிப்பு எது கண்டாலும் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பணம் போன பிறகு கேட்க நாதியில்லை.

உங்கள் டிவிசனுக்கான படமும் பட்டியலும் இன்னும் டெண்டருக்குப் போகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவற்றை இங்கே கொண்டுவருகிறோம். தமிழில் வாசித்துக் காட்டுவோம். அந்த இடத்தில் மழைத்தண்ணீர் எந்த வழியாக வருமென்று தெரிந்த பெரியவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்.