கடைச் சாவியைக் கொடுக்குமுன்



லிந்துலைக் கடைத்தெருவில் சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தோட்டங்களிலே பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவதற்கு முன்பே அவர் பலகைகளைக் கழற்றிக் கடையைத் திறந்துவிடுகிறார். பாண் வாங்குவோர், வெற்றிலை வாங்குவோர், சம்பள நாள்வரை மாவும் பருப்பும் கடனாய்க் கேட்போர் ஆகிய எல்லோருக்கும் நிறுப்பவரும் அவரே. பொதி கட்டுபவரும் அவரே. இரவு விளக்கடியில் அமர்ந்து பற்றுவரவு எழுதுபவரும் அவரே. ஆனி மழையில் மூன்று நாட்கள் காய்ச்சலாய்ப் படுத்தால் கடையும் மூன்று நாட்கள் பூட்டிக் கிடக்கும்.

"துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டால் என்ன?" என்று மனைவி கேட்கிறார்.

"யாரை நம்பிக் கல்லாவை விடுவது?" என்பது அவர் தரும் விடை.

விடை நியாயமானதே, ஆனால் முழு விடை அன்று. திருட்டுப் பயம் ஒன்று. தொழிலைக் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிடுவானோ என்ற பயம் மற்றொன்று. இவ்விரண்டையும் வாய்விட்டுச் சொல்லலாம். சொல்ல முடியாத மூன்றாவது ஒன்று இவற்றின் அடியிலே கிடக்கிறது. தாம் இல்லாமலும் கடை நடக்கும் என்பதைத் தம் கண்ணாலேயே காண நேருமே என்னும் கலக்கம் அது. இத்தனை ஆண்டுகளாக 'முதலாளி' என்ற சொல்லுக்கு, எல்லாவற்றையும் தாமே செய்பவர் என்று பொருள் கொண்டு வாழ்ந்தவர் அவர். ஆள் தேடப் புறப்படுமுன் இந்தக் கலக்கத்தோடுதான் அவர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தேயிலையால் உலகறிந்த தாமஸ் லிப்டன் 1871 இல் கிளாஸ்கோ நகரில் தம் முதற்கடையைத் திறந்தபோது சிறு மளிகைக்காரரே. 1890 இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்தில் தோட்டம் வாங்கிய வேளையிலோ, பல ஊர்களில் அவருடைய கடைகளைப் பிறர் நடத்திக்கொண்டிருந்தனர். ஆயினும் பாடம் கற்கக் கிளாஸ்கோவரை போவானேன்? கடைக்கு எதிரே உள்ள மலைச்சரிவிலேயே பாடம் இருக்கிறது. தோட்டத்துத் துரை தாமே கொழுந்து பறிப்பதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் யார், எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்பது சொல்லப்படுகிறது. கங்காணி உடன் நிற்கிறார். பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு அவரவர் பேரில் பதிவாகிறது. வேலையைத் தெளிவாகச் சொல்லுதல், செய்தபின் அளந்து பார்த்தல், இடையிலே விலகி நிற்றல்: ஒப்படைத்தல் என்பது இவ்வளவே. விலகி நிற்பதுதான் கடினம். பையன் சீனி நிறுக்கும்போது தராசுத் தட்டை எட்டிப் பிடிக்கும் கை முதலாளியின் சொற்கேளாது!

அதே மலைச்சரிவில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கோப்பிக் காலந்தொட்டே துரைமார் ஆள்திரட்டும் பொறுப்பைப் பெரிய கங்காணிமாரிடம் விட்டனர். ஆள் சேர்ப்பவர், முன்பணம் கொடுப்பவர், கடன்கணக்கு வைப்பவர், வேலையை மேற்பார்ப்பவர் எல்லாம் ஒருவரே ஆயினர். வேலைக்கு இறங்கும் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது. 'துண்டு' என்னும் சீட்டிலே குறித்த கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. எழுத்தறியாத பலர் தம் கடன் எவ்வளவு என்பதையே அறியாதிருந்தனர். 1921 இல்தான் சட்டம் அத்துண்டை ஒழித்தது. துரை கங்காணியிடம் வேலையை மட்டுமா ஒப்படைத்தார்? மனிதரையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டு, கணக்கைத் திரும்பிப் பாராதிருந்தார்.

நம் கடைக்காரருக்கு இது பழங்கதை அன்று. வேலைக்கு வரும் இளைஞனின் தகப்பனார் முன்பணம் கேட்கக்கூடும். இல்லாதவருக்கு உதவுவதில் பிழையில்லை. 'முன்பணம் வாங்கியவன் விட்டு ஓடமாட்டான்' என்ற நினைப்பு உள்ளே எழுமானால், அது பழைய துண்டின் நிழலே. பள்ளியை விட்ட சிறுவன் மலிவாய்க் கிடைப்பான் என்று எண்ணுவோர் இன்றும் உளர். பதினாறு வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்தலாகாது என்பது 2021 முதல் இந்நாட்டுச் சட்டம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 இலேயே வேலை நேரத்துக்கு எல்லை வகுத்தது. 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டும் ஊழியர் எட்டும் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் மூன்று. ஓர் ஆள்தானே என்று இவற்றை ஒதுக்கிவிடுதல் கூடாது. தாங்க முடியுமா என்ற கணக்கை ஆளை அழைக்குமுன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.

வள்ளுவர் தெரிந்துதெளிதலை முன்னும் தெரிந்துவினையாடலை அடுத்தும் வைத்தார். அந்த வரிசை கடைக்கும் பொருந்தும். முதலில் சரக்கு அடுக்குதலும் நிறுத்தலும். பழகியபின் ரொக்க விற்பனை. கடன்புத்தகம் எல்லாவற்றுக்கும் பின். கடன்புத்தகத்தைக் கொடுக்கும் நாளில் கடைக்காரருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அதுவரை அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அதைத் தாளில் எழுத உட்காரும்போதுதான், தமக்கென ஓர் ஒழுங்கு இல்லை என்பதை அவர் காண்கிறார். சிரித்துக் கேட்டவருக்கு ஈந்திருக்கிறார். கூசி நின்றவருக்கு இல்லையென்றிருக்கிறார். பையன் வருமுன்பே பையனால் கிடைத்த முதல் ஆதாயம் இது எனலாம். நோய் வந்த வீட்டின் கடனை நிறுத்துவதா நீட்டுவதா என்ற முடிவை மட்டும் அவர் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அது சரியே.

பிழைக்கும் ஓர் அளவு வகுக்க வேண்டும். முதல் சில மாதங்களில் இவ்வளவு ரூபாய்வரை நட்டம் வந்தால் அது கற்றுக்கொடுத்த செலவு என்று முன்கூட்டியே மனத்தில் எழுதிவைத்தவர், வாடிக்கையாளர் முன்னிலையில் இளைஞனைக் கடிந்துகொள்ள மாட்டார். அவ்வாறு கடிந்துகொள்ளப்பட்டவன் அடுத்த பிழையை மறைப்பான்.

ஆறு மாதங்கள் கழிந்தன என்று வைத்துக்கொள்வோம். சரக்கெடுக்க நுவரெலியாவுக்குப் போன கடைக்காரர் கடைசி பஸ்ஸில் திரும்புகிறார். கல்லாவை எண்ணுகிறார், கணக்கில் ஐம்பது ரூபாய் குறைகிறது. முகம் கறுக்கிறது. புத்தகத்தைப் புரட்டினால், இளைஞனின் கையெழுத்தில் ஒரு வரி: 'பருப்பு விலை தவறிப் போட்டேன். ஐம்பது ரூபாய் குறைவு.' அவர் அதை இருமுறை படிக்கிறார்.

அன்றிரவு கடைச் சாவி இளைஞனோடு லயத்துக்குப் போகிறது.