வண்டி நடுங்குவது ஏன்?

(லெம்பா பெர்த்தாமில் தோட்டத் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)

சம்பளம், போனஸ் என்று பேசவேண்டிய மேடையில் வண்டிப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் நம்மவர். பின்னால் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து போகிறவரும் நம்மவர். ஆகவே இது சங்கத்தின் காரியமேதான்.

இந்த மலையில் ஓடும் லாண்ட் ரோவர்களைப் பாருங்கள். 1948-இல் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி முதன்முதலில் வெளியிட்ட வண்டி அது. இங்கே ஓடுபவற்றுள் பல, ஓட்டுகிற பிள்ளைகளைவிட வயதில் மூத்தவை. தேயிலை மலையிலும் காய்கறித் தோட்டத்திலும் 30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே அவற்றின் காலம் கழிகிறது. அங்கே குறை தெரிவதில்லை. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டரும் வளைவுதான், அங்கும் தெரிவதில்லை. தாப்பாவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, சிலாயாங் மொத்தச் சந்தையை நோக்கி 90-ஐத் தொட்டதும் வண்டி உதறுகிறது. திரும்பி வந்து டிரைவர் சொன்னால், "பழைய வண்டி அப்படித்தான் ஆடும்" என்று பதில் வருகிறது. இந்தப் பதிலை நாம் ஒப்புக்கொள்ளலாகாது. வயது வண்டியை ஆட்டுவதில்லை. ஏதோ ஒரு சாமான் ஆட்டுகிறது. அது எது என்று கண்டுபிடிக்க வழியுண்டு.

பால்வெட்டுத் தோழர்களுக்கு இதை விளக்குவது எளிது. காண்டாக் கம்பின் ஒரு முனையில் நிறைந்த வாளி, மறுமுனையில் அரை வாளி. மெல்ல நடந்தால் சமாளித்துவிடலாம். ஓடிப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். சக்கரமும் அப்படியே. 90 கிலோமீட்டர் வேகத்தில் இத்தகைய வண்டியின் சக்கரம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 11 முறை சுழல்கிறது. ரிம்மின் உட்புறத்தில், நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, 100 கிராம் மண் ஒட்டியிருந்தால், அந்த மண் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கிறது, விநாடிக்கு 11 முறை! அதே மண் 45 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரைக் கிலோ அளவே இழுக்கும். வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்காகிறது. மலையில் தெரியாத குறை நெடுஞ்சாலையில் தெரிவதன் இரகசியம் இதுதான்.

மண் என்று உதாரணத்துக்காகச் சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் களிமண் ரிம்முக்குள் அப்பிக் காய்ந்தால் சிமெண்டுபோல் ஆகிவிடுகிறது. வெளிப்புறத்தைக் கழுவிவிட்டு வண்டி சுத்தம் என்கிறோம். உட்புறத்தை யார் பார்க்கிறார்கள்? காசு செலவழித்துப் பேலன்சிங் செய்வதற்குமுன் ஒரு குச்சியும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்து நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும் சுரண்டுங்கள். பாதி வண்டிகளின் நோய் அங்கேயே தீர்ந்தால் நாம் ஆச்சரியப்படமாட்டோம்.

அதற்கும் முந்திய காரியம் ஒன்றுண்டு: சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்ப்பது. நட்டு தளர்ந்து நடுங்குகிற வண்டி அடுத்த வளைவுக்குப் போய்ச் சேரும் என்பது நிச்சயமில்லை.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லையானால், டிரைவரின் கையும் இடுப்பும் சாட்சி சொல்லட்டும். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரத்தின் கோளாறு. நாற்காலியும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரமோ புரோப்பெல்லர் ஷாப்டோ. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் துடித்தால் பிரேக் தட்டையோ டிரம்மையோ பாருங்கள். சமதரையில் அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்று கூடியும் நடுக்கம் மாறாவிட்டால் எஞ்சின் குற்றவாளியல்ல. நியூட்ரலில் விட்டுப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்த மலையிறக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்றால் ஷாப்டின் கிராஸ் ஜாயிண்டைச் சந்தேகியுங்கள். பழைய லாண்ட் ரோவரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஷாப்ட் 4.7 சுற்றுச் சுற்றிவிடும். அதனால் சக்கரத்தின் கோளாறு "தடதட" என்றிருக்கும். ஷாப்டின் கோளாறு வண்டு ரீங்கரிப்பதுபோல் இருக்கும். ஷாப்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் சாயத்தால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள நழுவு மூட்டை ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் இரண்டு முனைக் கவைகளும் நேர்கோட்டில் நில்லாமல், புது ஜாயிண்ட் போட்டும் வண்டி ஆடும்.

முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போடுவது செலவில்லாத சோதனை. நடுக்கமும் கூடவே இடம் மாறினால் திருடன் சக்கரத்தில்தான். மாறாவிட்டால், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாக, பக்கவாட்டாக ஆட்டிப் பாருங்கள். பேரிங், சுவிவல் பின், டைராட் ஆகியவற்றின் தளர்ச்சி கைக்குத் தெரியும். ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கடியில் நுழையக்கூடாது, கட்டை வையுங்கள். குழியில் விழுந்தெழுந்ததும் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்ததுபோல் உதறுகிற வண்டிக்குச் சிலர் ஸ்டியரிங் டேம்பரை மாற்றிவிட்டுத் திருப்தியடைகிறார்கள். அது தளர்ச்சியை மூடிவைக்கும், நீக்காது.

டயரைத் தனியாகச் சொல்லவேண்டும். ஓரத்திலோ முகத்திலோ கொப்புளம் கண்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஸ்டோரில் இருக்கும் கிராணிமார் இந்த இலக்கத்தைப் புத்தகத்தில் பதிந்து வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சோதனைக்கூடத்தில் வண்டி பாஸாகிவிட்டதே என்று வாதிப்பார்கள். சோதனைக்கூடத்தில் பிரேக் பார்க்கிறார்கள், விளக்குப் பார்க்கிறார்கள். யாரும் நெடுஞ்சாலையில் 90-இல் ஓட்டிப் பார்ப்பதில்லை.

சட்டமும் நம் பக்கம் பேசுகிறது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அத்திருத்தம் அமுலில் இருக்கிறது. உடனடி அபாயம் உண்டென்று நம்ப நியாயமான காரணமிருந்து, அதை முதலாளி நீக்காவிட்டால், தொழிலாளி அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஆனால் "வண்டி ஆடுகிறது" என்று வாயால் சொல்லிவிட்டு வருவதால் பயனில்லை. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டியரிங்கிலா தரையிலா, ஆக்ஸிலேட்டரை விட்டால் மாறுகிறதா, எந்தத் தேதி முதல் என்று நான்கு வரி எழுதி, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை மானேஜரிடம் கொடுத்து, மற்றதில் அவர் கையெழுத்தை வாங்கி டிரைவரே வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தயங்குகிறவர்களுக்கு எழுதிக்கொடுக்க நம் கிராணித் தோழர்கள் இருக்கிறார்கள்.