மருந்து என்ன செய்தது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இப்பாடசாலையிலிருந்து பேராதனைக்குச் சென்று மிருக வைத்தியம் படித்தவர்கள் சிலரே. அந்தச் சிலரின் சார்பிலேயே ‘நாங்கள்’ என்று பேசுகின்றோம். நெடுந்தீவு என்றதும் எல்லோரும் குதிரைகளைத்தான் விசாரிப்பார்கள். நாங்கள் பேச வந்தது ஆடுகளைப் பற்றி. எங்களில் எத்தனை பேருடைய கொப்பிக் காசு ஒரு கிடாய் விற்ற காசு என்பது உங்களுக்குத் தெரியும்.

வேலைக்கு வந்த முதல் வருடங்களில், குறிகட்டுவானில் படகேறிப் போய், மாரிக்கு முன் எல்லா ஆடுகளுக்கும் பூச்சி மருந்து பருக்கினோம். நிறையைக் கண்ணால் மதித்தோம். அளவைப் பழக்கத்தில் ஊற்றினோம். எத்தனை ஆட்டுக்குக் கொடுத்தோம் என்று எழுதினோம். எத்தனை பிழைத்தன என்று எழுதவில்லை. ஒரு மாரியில் ஆடுகள் தாடைக்குக் கீழ் வீங்கி, கண் வெளிறிச் செத்தன. நெடுந்தீவில் ஒரு அம்மா கேட்டார்: “பிள்ளை, மருந்து குடுத்த ஆடும் செத்துப்போச்சு, குடுக்காத ஆடும் செத்துப்போச்சு. அப்ப உங்கட மருந்து என்ன செய்தது?”

மருந்து பழுதா, அளவு குறைவா, மருந்துக்குப் புழு பழகிவிட்டதா, நோயே வேறா? எங்களிடம் பதில் இல்லை. முன்னும் பின்னும் எண்ணியிருந்தால் இருந்திருக்கும்.

இதே பாடசாலையில் விஞ்ஞான ரீச்சர் இரண்டு சிரட்டையில் பயறு போடச் சொன்னார். ஒன்று வெளிச்சத்தில், மற்றது இருட்டில். மற்றதெல்லாம் ஒரே மாதிரி. அதை எழுதிப் புள்ளி வாங்கினோம், பிறகு தொழிலில் மறந்துவிட்டோம். அந்த அம்மா ஞாபகப்படுத்தினார்.

அதன் பின்னரே சான்றைத் தேடும் வைத்தியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினோம். முதலில் கேள்வியைத் திருத்த வேண்டும்: எந்த விலங்கு, என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன பலன்? அடுத்து ஆய்வுகளைத் தேடுவது, வாசித்ததைச் சந்தேகிப்பது, பொருந்துவதைச் செய்து பார்ப்பது, கடைசியில், பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது.

தேடியபோது வெட்கமும் வந்தது. பல பூச்சி மருந்துகளை ஆட்டின் உடல் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடும். செம்மறிக்கான அளவு ஆட்டுக்குப் போதாது. குறைந்த அளவில் தப்பும் புழுக்களே மருந்துக்கு அடங்காத பரம்பரையைப் பெருக்கும். தென்னாபிரிக்காவில் உருவான ‘பமாச்சா’ அட்டையையும் அறிந்தோம். கீழ் இமையின் உட்புற நிறத்தை ஐந்து படிகளோடு ஒப்பிட்டு, வெளிறிய விலங்குக்கு மட்டும் மருந்து கொடுப்பது. ஆனால் அது முதலில் செம்மறிக்காகச் செய்யப்பட்டது. இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கே பொருந்தும். ஆகவே அதையும் எங்கள் ஆடுகளில் சோதித்தே நம்ப வேண்டும்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். உப்பு இனிக் கரையாது என்னும்வரை கரைத்த நீரில் புழுக்கையைக் கலக்கினால் புழு முட்டைகள் மிதக்கும். ‘மக்மாஸ்டர்’ கண்ணாடியில் வைத்து எண்ணலாம். ஆட்டை நிறுத்து மருந்து கொடுத்து, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் எண்ண வேண்டும். சரியான அளவு கொடுத்தும் முட்டைகள் 95 சதவீதத்துக்குக் குறைவாகவே குறைந்தால், புழு மருந்துக்குப் பழகிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் திரும்பிப் போய், “எங்களுக்குத் தெரியாது அம்மா, இனி எண்ணிப் பார்த்துச் சொல்லுறம்” என்றோம். வைத்தியர் வாயால் அதைச் சொல்வது இலேசில்லை. அவர் கோபிக்கவில்லை. “அப்ப எண்ணுங்கோ” என்று ஆட்டைப் பிடித்துத் தந்தார்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் என்ன அனுப்பலாம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எங்கள் பாடசாலைக்கு நல்ல நுணுக்குக்காட்டி ஒன்று தாருங்கள். பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் மாதம் ஒரு ஆய்வுக் கட்டுரையை உயர்தர மாணவிகளோடு தமிழில் வாசியுங்கள். தம் வீட்டு ஆட்டின் புழுக்கையை எண்ணும் பிள்ளை நாளை எங்களிடமும் அந்த அம்மாவைப் போலக் கேட்பாள். அப்போது பதில் எழுதியிருக்கும்.