மேஜை போடத் திசை கேட்பதா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. ஒரு மேஜையையும் நாற்காலியையும் பற்றியதேயாகும். இதற்கொரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் அந்த மேஜையைச் சுற்றி நடக்கின்ற பித்தலாட்டத்தைப் பார்த்தால் பேசாமலிருப்பதற்கில்லை.

2020-ம் வருஷம் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டது முதல், ஆபீசு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் வழக்கம் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர், கடைகளுக்குக் கணக்கு எழுதுகின்றவர், ஜன்னலோரத்தில் மேஜை போட்டு நன்றாகவே வேலை செய்துவந்தார். இரண்டு மாதம் வரும்படி குறைந்தது. உடனே பெங் சுயி நிபுணர் என்று ஒருவர் வந்தார். தென்கிழக்குதான் பணமூலை, மேஜையை அங்கே தள்ளு, முதுகுக்குச் சுவரும் கண்ணுக்கு வாசலும் இருக்கவேண்டும் என்றார். ஒரு மூங்கில் செடியையும், வாயில் காசு கவ்விய தவளைப் பொம்மையையும் விற்றுவிட்டுப் போனார். அந்த மூலையில் இருந்ததோ வீட்டு அம்மாளின் தையல் மிஷின். அது அடுப்படிக்குப் போயிற்று. வரும்படி தந்துகொண்டிருந்த மிஷின் இருட்டுக்குப் போனதும், வரும்படி தருவதாகச் சொன்ன தவளை கூடத்துக்கு வந்ததுந்தான் கண்ட பலன்!

பிறகு மாமனார் வந்தார். “தென்கிழக்கு அக்கினி மூலையாயிற்றே! அடுப்பு வைக்கிற இடத்தில் கணக்குப் புத்தகமா? குபேரன் இருப்பது வடக்கிலல்லவா?” என்று மனையடி சாஸ்திரம் பேசினார். தோழர்களே! பூமி ஒன்று; தென்கிழக்கும் ஒன்று. ஒரு சாஸ்திரத்துக்கு அது பணம், மற்றொன்றுக்கு நெருப்பு. இரண்டும் எப்படி மெய்யாகும்?

பெங் சுயி என்றால் காற்றும் நீரும் என்றுதான் பொருள். பிணத்தைப் புதைக்க இடம் பார்ப்பதுதான் அதன் பழைய வேலை; குவோ பூ (276–324) என்பவர் பேரில் வழங்கும் அதன் மூலநூலே அடக்கத்தைப் பற்றியதுதான். சீனத்தில் குளிர்காலத்து வாடை வடக்கிலிருந்து அடிக்கின்றது. அக்காலத்து வெயில் தெற்கிலிருந்து விழுகின்றது. ஆகவே வடக்கே குன்று, தெற்கே வாசல், பக்கத்தில் தண்ணீர் என்று ஒரு குடியானவன் பார்த்தால் அது புத்திதான், நாம் மறுக்கவில்லை. அந்தப் புத்தியைப் பிடுங்கி, பணமும் ஆயுளும் தரும் மந்திரமாக்கி விற்பதைத்தான் மறுக்கின்றோம். பூமத்திய ரேகைக்குத் தெற்கேயுள்ள ஆஸ்திரேலியாவில் நடுப்பகல் வெயில் பெரும்பாலும் வடக்கிலிருந்து விழுகின்றது. அங்கே திசைகளைத் தலைகீழாக மாற்றுவதா வேண்டாமா என்று பெங் சுயிக்காரர்களே சண்டை போடுகின்றார்கள்.

சீனச் சக்கரவர்த்தி தெற்கு நோக்கி உட்காருவார். நம்மவர்களுக்கோ தெற்கு எமன் திசை! தென்றல் வருகின்ற வழியும் அதுதானே? எமனும் தென்றலும் ஒரே வாசலால் வருகின்றார்களா?

பீக்கிங் அரண்மனையைப் பாருங்கள். 1420-ல் கட்டி முடிந்தது. தெற்கு நோக்கிய வாசல். முதுகுக்கு மலை இல்லாததால் அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி ஒரு மலையையே உண்டாக்கினார்கள். இதைவிடப் பக்குவமாக யார் இடம் பார்க்க முடியும்? 1644-ல் கலகப்படை நகரத்துக்குள் புகுந்தபோது, மிங் வம்சத்துச் சுங்சென் சக்கரவர்த்தி அந்த மலைக்குத்தான் போய்த் தூக்குப் போட்டுக்கொண்டார். முதுகைக் காக்க வைத்த மலை கழுத்தைக் காக்கவில்லை. பின்வந்த சிங் வம்சமும் 1912-ல் முடி துறந்தது.

ஹாங்காங்கில் நினா வாங் என்ற பெருஞ் சீமாட்டி 2007-ல் இறந்தார். அவருக்குப் பெங் சுயி பார்த்துவந்த ஆசாமி, சொத்து முழுவதும் தனக்கே என்று ஓர் உயிலைக் கொண்டுவந்தான். அது கள்ள உயில் என்று ருசுவாகி, 2013-ல் 12 வருஷம் தண்டனையாயிற்று. பணமூலை எது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது!

சீனச் சரக்கு வேண்டாம், நம் வாஸ்துவே போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளை மண் பார்ப்பானுக்கு, சிவப்பு க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் வைசியனுக்கு, கறுப்பு சூத்திரனுக்கு என்று வாஸ்து நூல்கள் மண்ணுக்கே ஜாதி பிரித்திருக்கின்றன. இன்று அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டு, திசையை மட்டும் விரித்துக் காட்டிக் காசு வாங்குகின்றார்கள்.

அப்படியானால் மேஜையை எங்கேதான் போடுவது? வெளிச்சம் பக்கவாட்டில் விழுகின்ற இடத்தில் போடுங்கள். ஜன்னல் எதிரே இருந்தால் கண் கூசும்; முதுகுக்குப் பின்னிருந்தால் கம்ப்யூட்டர் திரையில் பளபளக்கும். திரை ஒரு கை நீளத் தூரத்தில், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேற்குச் சுவரோரம் வேண்டாம். மாலையில் அது அடுப்பாய்க் காயும். காற்று வேண்டும், சந்தடி கூடாது. வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் மனம் நிலைக்குமென்றால் அப்படியே உட்காருங்கள். அதற்குத் தவளை எதற்கு?

“மனத்திருப்திதானே, போகட்டுமே” என்கின்றார்கள். யாருடைய மனத்திருப்தி? அடுப்படிப் புகையில் ஊசி கோர்த்த அந்த அம்மாளைக் கேட்டார்களா?

நாம் அந்தத் தோழரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு கடைக்காரர்கள் கூலி பாக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் தோஷம். நேரில் போய்க் கேட்டதில் ஒருவர் கொடுத்துவிட்டார். மற்றவர் இன்னும் கொடுக்கவில்லை. இப்போது ஜன்னலுக்கு ஒரு பக்கம் மேஜையும் மறுபக்கம் மிஷினும் இருக்கின்றன. தவளை குழந்தையின் கையில் இருக்கின்றது.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம்.