குளமும் வாய்க்காலும்

இரணைமடுக் குளம் நிறைந்து நிற்பினும், வாய்க்கால் ஒடுங்கியதாயின் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். வன்னிக் கமக்காரர் நன்கறிந்த இவ்வுண்மை, விஞ்ஞானக் கணிப்புக்கென அமைக்கப்படும் பெருங்கணனிகளுக்கும் பொருந்தும்.

மழையை முன்னறிய, காற்று, வெப்பம், அமுக்கம், ஈரம் ஆகியவற்றை எண்ணிறந்த இடங்களுக்குக் கணித்தல் வேண்டும். லூயிஸ் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர், 1922ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உலகம் முழுவதற்கும் இதனைச் செய்ய 64,000 பேர் ஒருங்கமர்ந்து கணக்கிட வேண்டுமெனக் கற்பனை செய்தார். இன்று அப்பணி கணனியின் செயலியிடம் சேர்ந்துள்ளது. ஆயின், செயலி எத்துணை விரைவுடையதாயினும், நினைவகத்திலிருந்து எண்கள் வந்து சேரும்வரை வாளாவிருக்க நேரும். இத்தடையை நீக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, ஓர் ஆணைக்குப் பல எண்கள். அரிவு வெட்டுவோர் ஒருவர் ஒருவராகப் பணிக்கப்படுவதில்லை. ஒரு குரலுக்கு வரிசை முழுவதும் குனிகின்றது. 1976இல் வந்த கிறே-1 கணனியில், ஒவ்வொன்றும் 64 எண்களைத் தாங்கும் எட்டு வரிசைகள் இவ்வாறு இயங்கின.

இரண்டாவது, பதுக்கு நினைவகம். அடிக்கடி வேண்டிய நீரைக் குடத்தில் நிறைத்து அடுப்பங்கரையில் வைப்பது போல, மீண்டும் வேண்டப்படும் எண்கள் செயலியின் அருகே வைக்கப்படுகின்றன.

மூன்றாவது, அகன்ற வாய்க்கால். 2020இல் உலகின் முதலிடம் பெற்ற யப்பானின் ஃபுகாக்கு கணனியில், ஒவ்வொரு செயலியிலும் கணிக்கும் கருக்கள் 48 உள. செயலியை ஒட்டியே அடுக்கப்பட்ட நினைவகம், செக்கனுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி பைட்டுகளை அவற்றிற்கு வழங்கவல்லது.

இவ்விரைவு எதற்கு என்று வினவலாம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது; ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். வான்கதவை எப்பொழுது திறப்பது, மக்களை எப்பொழுது அகற்றுவது என்பவற்றிற்கு மழைக்கு முன்னரே விடை வேண்டும். மழைக்குப் பின் வரும் கணிப்பு, எத்துணை நுண்ணியதாயினும் பயனற்றது.

நேயர்களே! இம்மூன்று அமைப்புகளும் பாடசாலை மேசையிலுள்ள இன்றைய கணனியிலும் சிறு அளவில் உள. எண்களைச் சிதறவிடாது அடுத்தடுத்து நிரைப்படுத்தி, எடுத்த எண்ணை விடுமுன் இயன்றவரை பயன்கொள்ளும் முறையை ஒரு மாணவன் அதிலேயே பயிலலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் அமைந்திருக்கும் இந்நாளில், வாய்க்காலின் அருமையறிந்த வன்னிப் பிள்ளைகளுக்கு இக்கலை அயலானதன்று.