சிறிய வீட்டின் பெரிய வரலாறு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



"நூலும் வாழ்வும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். அதனை விளக்குவதற்கு அமெரிக்க நாட்டுச் சிறுவர் இலக்கிய ஆசிரியை ஒருவரின் குடும்ப வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் லாரா இங்கல்ஸ் வைல்டர். 1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலத்தில் பெப்பின் என்னும் ஊரின் அருகே பிறந்தவர். 1957-ஆம் ஆண்டு தொண்ணூறு வயதில் மறைந்தவர். அவருடைய முதல் நூல் 1932-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. அதிலிருந்து 1943-க்குள் எட்டு நூல்களை எழுதி முடித்தார். எழுதுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

பாட்டி பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைபோல அமைந்தவை அந்நூல்கள். பிடில் வாசிக்கும் தந்தை, பொறுமையே உருவான தாய், அக்கா மேரி, தங்கை கேரி, கூண்டு வண்டி, புல்வெளி, மரவீடு இவையே அவற்றின் உலகம். யாரிடமும் கையேந்தாமல், தம் உழைப்பையே நம்பி மேற்குத் திசையில் சென்ற குடும்பம் என்ற ஓவியத்தை அவை தீட்டுகின்றன. 1974 முதல் 1983 வரை தொலைக்காட்சித் தொடராகவும் வந்து அக்கதை உலகெங்கும் பரவிற்று.

ஆயினும், லாரா 1930-இல் முதலில் எழுதியது சிறுவர் கதையன்று, தன் வரலாறு. அதனை வெளியிட அன்று எவரும் முன்வரவில்லை. எண்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2014-இல்தான் ஆய்வுக் குறிப்புகளுடன் அஃது அச்சேறியது. அதனையும் பழைய ஆவணங்களையும் கதை நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, மறைக்கப்பட்ட பக்கங்கள் பல வெளிப்படுகின்றன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே கூறுகிறேன்.

முதலாவது, இழப்பும் கடனும். மினசோட்டாவில் அக்குடும்பத்தின் கோதுமையை வெட்டுக்கிளிகள் அழித்தன. 1875-இல் தந்தை சார்லஸ் இங்கல்ஸ், தம்மிடம் பொருள் ஏதுமில்லை என்று கையொப்பமிட்டு அரசின் நிவாரண மாவைப் பெற்றார். கதையில் இது கிடையாது. அவ்வாண்டு நவம்பரில் பிறந்த பிரெடி என்னும் ஆண்குழந்தை மறு ஆகஸ்டில் ஒன்பது மாதப் பருவத்திலேயே இறந்தது. அக்குழந்தையும் கதையில் இல்லை. பின்னர் அயோவா மாநிலத்தின் பர் ஓக் என்னும் சிற்றூரில் உணவு விடுதியொன்றில் பெற்றோர் வேலை பார்த்தனர். பத்து வயதைக்கூட எட்டாத லாரா அங்கே பாத்திரம் கழுவினாள், பந்தி பரிமாறினாள். அவ்வூர் மருத்துவரின் மனைவி, "இந்தப் பெண்ணை எனக்குக் கொடுத்துவிடுங்கள், என் மகளாக வளர்த்துக்கொள்கிறேன்" என்ற பொருளிற் கேட்டதும், தாய் கரோலின் மறுத்ததும் தன் வரலாற்றில் உள்ளன. 1877-இல் வாடகைப் பாக்கி கொடுக்க வழியின்றி, இரவோடிரவாக வண்டி கட்டிக்கொண்டு அக்குடும்பம் வெளியேறியது. பர் ஓக் வாழ்க்கை முழுவதையும் லாரா தம் கதையிலிருந்து நீக்கிவிட்டார்.

இரண்டாவது, மேரியின் கல்வி. பதினான்கு வயதில், 1879-இல், மேரி பார்வையிழந்தாள். ஸ்கார்லட் காய்ச்சலே காரணம் என்கிறது கதை. மூளையையும் அதன் உறையையும் தாக்கும் நோயே காரணமாகலாம் என்று 2013-இல் மருத்துவ ஆய்வாளர்கள் முடிவு கூறினர். மேரி 1881 முதல் 1889 வரை அயோவாவின் வின்டன் நகரிலுள்ள பார்வையற்றோர் கல்லூரியிற் பயின்றாள். தங்கை தையல் வேலையும் ஆசிரியப் பணியும் செய்து ஈட்டிய பணம் அதற்கு உதவிற்று என்று கதையைப் படித்து நாம் உள்ளம் உருகுகிறோம். லாரா உழைத்தது மெய்யே. ஆனால், மேரியின் கல்விக் கட்டணத்தைச் செலுத்தியது டகோட்டா ஆட்சிப்பகுதியின் அரசு. அதைக் கதை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அந்நூல்கள் எழுந்த 1930-களில் அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் சிக்கித் தவித்தது. லாராவின் கையெழுத்துப் படிகளைத் திருத்திச் செப்பமிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களைக் கடுமையாக எதிர்த்தவர். தாயும் அவற்றை விரும்பவில்லை. தனிமனித உழைப்பே போதும் என்று காட்ட விழைந்த கதையில், அரசு தந்த மாவுக்கும் அரசு செலுத்திய கட்டணத்திற்கும் இடமில்லாமற் போயிற்று.

இளைஞர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அரசு உதவித்தொகையிற் படிக்கிறோம் என்று சொல்ல நம் பிள்ளைகளிற் சிலர் கூசுவதை நான் கண்டிருக்கிறேன். உலகப் புகழ்பெற்ற இக்குடும்பத்தின் மகளும் பொதுப்பணத்தில்தான் படித்தாள். அதனால் அவள் அறிவு குறைந்துவிடவில்லை. தங்கையின் உழைப்பு சிறுத்துவிடவுமில்லை. கூச்சம் எதற்கு?

மூன்றாவது, நிலம். இதுவே எல்லாவற்றினும் பெரியது. 1869-இல், லாராவுக்கு இரண்டு வயதானபோது, அக்குடும்பம் கான்சாஸ் சென்று வீடு கட்டியது. யாருமற்ற வெளி என்று கதை அதனைக் காட்டுகிறது. உண்மையில் அஃது ஓசேஜ் என்னும் பழங்குடி மக்களுக்குரிய ஒதுக்கீட்டு நிலம். அந்நிலம் ஓசேஜ் மக்களுடையது, குடியேறியோர்க்கு அதில் உரிமையில்லை என்று 1870-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கு ஏட்டிலேயே குறிப்பு உண்டு. ஓசேஜ் மக்கள் வேட்டைக்குச் சென்ற காலங்களில் அவர்தம் வயல்களையும் குதிரைகளையும் வெள்ளையர் கவர்ந்தனர். அவ்வாண்டே அம்மக்கள் கான்சாஸை விட்டு நீங்க இசைய நேர்ந்தது. பின்னாளில் ஓக்லஹோமா ஆன பகுதிக்குப் பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு இங்கல்ஸ் குடும்பமும் விஸ்கான்சினுக்கே திரும்பியது. திரும்பிச் செல்ல அவர்களுக்கு ஊர் இருந்தது. ஓசேஜ் மக்களுக்கோ அந்த மண்ணே ஊர்.

அக்கான்சாஸ் வீட்டில் அனைவரும் மலேரியாக் காய்ச்சலில் வீழ்ந்தபோது, உயிர் காத்தவர் கறுப்பின மருத்துவர் ஒருவர். ஜார்ஜ் டேன் என்னும் அவர் கற்பனை மாந்தரல்லர். 1870-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் அவர் பெயர் உள்ளது. அடிமை முறை ஒழிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அவரை மட்டும் லாரா மறக்காமல் நூலில் எழுதினார். அதற்கு நாம் நன்றி பாராட்டலாம்.

1935-இல் வந்த கான்சாஸ் நூலில், அவ்விடத்தில் மக்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தனர் என்ற பொருள்படும் தொடர் ஒன்று இருந்தது. பதினேழு ஆண்டுகள் அதனை எவரும் திருத்தவில்லை. 1952-இல் வாசகர் ஒருவர் பதிப்பகத்திற்குக் கடிதம் எழுதி, இந்தியர்கள் மக்களல்லரா என்று சுட்டிக்காட்டினார். செய்தியறிந்த லாரா தம் பிழையை ஒப்புக்கொண்டார். 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் "மக்கள்" என்பது "குடியேறியோர்" என மாற்றப்பட்டது. ஒரேயொரு கடிதம், ஒரேயொரு சொல். எனினும் அச்சொல் மாறியதால், ஓர் இனம் மீண்டும் மக்களாயிற்று.

2018-இல் அமெரிக்க நூலகர் அமைப்பு, 1954 முதல் லாராவின் பெயரால் வழங்கிவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை மாற்றியது. அம்மாற்றம் நூல்களைத் தடைசெய்யவில்லை, இன்றும் படிக்கிறார்கள். அவற்றோடு, ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிக் 1999-இல் எழுதத் தொடங்கிய சிறுவர் நூல்களையும் படிக்கிறார்கள். அவற்றில் கதை சொல்லப்படுவது பழங்குடிச் சிறுமியின் பக்கத்திலிருந்து.

அன்பார்ந்த இளைஞர்களே, லாராவை வெறுக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. குளிரிலும் பசியிலும் வளர்ந்த ஓர் ஏழைப் பெண் தன் தந்தையின் பாட்டையும் தாயின் பொறுமையையும் காலம் விழுங்காமற் காத்தாள், அது பெருஞ்செயல். அதே கையால் அவள் சிலரை விட்டுவிட்டாள் என்பதையும் மறவாதீர்கள்.

உங்கள் இல்லங்களில் பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட பஞ்சமும், நடந்த வழியும், கடனுக்கு அஞ்சி ஊரைவிட்ட இரவும் இன்னும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். பசியைப் பசி என்றே எழுதுங்கள். இறந்த குழந்தையின் பெயரையும் எழுதுங்கள். உதவிய கை யாருடையது என்பதை மறைக்காதீர்கள். உங்கள் கதையில் வேறு எவரையும் மக்களல்லாதவராக ஆக்கிவிடாதீர்கள். அறுபத்தைந்து வயது வரை காத்திருக்கவும் வேண்டாம். பாட்டி இருக்கும்போதே தொடங்குங்கள்.