ஜீப் ஏறாத நாட்கள்
மந்தக் காலத்தில் வேலையின்மையை எண்ணும் கணக்கு: ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு

1. ஒரே மாதம், மூன்று எண்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலரும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கையில் தூக்குவாளியுடன் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். இருட்டும் நேரத்தில் இறங்கி வருவார்கள். 'மேல வேலைக்குப் போறது' என்றால் தேனி மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மாநில எல்லை அடைபட்டது. மலையில் தோட்டம் இருந்தது, கீழே ஆள் இருந்தது, நடுவில் சோதனைச்சாவடி இருந்தது.

அந்த நாட்களில் வேலையில்லாமல் இருந்தவர்கள் எவ்வளவு பேர்? இந்த அவைக்கு முன் மூன்று விடைகள் உள்ளன. மும்பையில் இயங்கும் தனியார் ஆய்வு அமைப்பான சி.எம்.ஐ.இ., 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டின் வேலையின்மை 49.8 சதவீதம் என்றது. மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்திய நகரங்களில் அது 20.9 சதவீதம் என்றது. அதே அரசுக் கணக்கெடுப்பின் 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரையிலான ஆண்டறிக்கையோ நாடு முழுமைக்கும் 4.8 சதவீதம் என்றது. முந்தைய ஆண்டு அது 5.8. ஊரடங்கு விழுந்த ஆண்டில் வேலையின்மை குறைந்திருக்கிறது!

முதல் எண் மாநிலத்துக்கு, இரண்டாவது நகரங்களுக்கு, மூன்றாவது ஊரும் நகரமும் சேர்ந்த நாட்டுக்கு என்பது உண்மைதான். ஆனாலும் ஐம்பதுக்கும் ஐந்துக்கும் இடையே இருக்கும் பள்ளத்தை அது மட்டும் நிரப்பாது. மூன்றிலும் யாரும் கள்ளக்கணக்கு எழுதவில்லை. மூவரும் கேட்டது வேறு வேறு கேள்வி.

2. நேற்றா, போன வாரமா, போன வருடமா?

கம்பத்தில் ஏலத்தோட்டக் கூலி வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். 2020 ஜூன் மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் கணக்கெடுப்பாளர் உட்காருகிறார்.

'கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால், போன ஜூனிலிருந்து மார்ச் வரை மலைக்குப் போனேன் என்பார். அவர் பணியில் உள்ளவர். இதற்கு வழக்கமான நிலை என்று பெயர். பெரும்பகுதி நாள் வேலை இல்லாவிட்டாலும், துணை வேலையாக முப்பது நாள் பார்த்திருந்தால் போதும், பணியாளர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். ஆண்டறிக்கையின் 4.8 சதவீதம் இந்தக் கேள்விக்கு வந்த விடை. இரண்டு மாத இடியை அது பத்து மாத வேலையால் போர்த்திவிடுகிறது.

'கடந்த ஏழு நாளில்?' என்று கேட்டால் கதை மாறும். அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் பணியில் உள்ளவர்தான். அதுவும் இல்லாமல், வேலை தேடியிருந்தால் அல்லது கிடைத்தால் போகத் தயார் என்றால் மட்டுமே வேலையற்றவர். 20.9 சதவீதம் இந்த வாரக் கேள்விக்கு வந்தது.

சி.எம்.ஐ.இ. கேட்பது அன்றைய நாளை, அல்லது முந்தைய நாளை. தினக்கூலிக்கு அந்த ஏப்ரலில் நேற்றும் இன்றும் ஒன்றுபோலவே கிடந்தன. எண் பாதியைத் தொட்டதில் வியப்பில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அதே வேகத்தில் இறங்கவும் செய்தது: நாடு தழுவிய அளவில் ஏப்ரலில் 23.5 சதவீதமாக இருந்த சி.எம்.ஐ.இ. எண், ஜூலைக்குள் ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அப்போது அரசின் காலாண்டு அறிக்கை நகரங்களுக்கு மட்டுமே வந்தது. கம்பம் நகராட்சித் தெருவில் ஜீப் ஏறும் பெண் அந்தக் கணக்கின் எல்லைக்குள் வருவார். பக்கத்திலேயே இருக்கும் சுருளிப்பட்டியில் அதே ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண் ஆண்டறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும். களப்பணியே 2020 மார்ச் 18 முதல் நிறுத்தப்பட்டு ஜூனில்தான் மீண்டும் தொடங்கியது. பிறகு பல வீடுகளைத் தொலைபேசியில்தான் கேட்க முடிந்தது.

3. வேலை போனால் எண் ஏன் இறங்குகிறது?

வேலையின்மை விகிதம் ஒரு பின்னம். மேலே வேலையற்றவர், கீழே வேலை பார்ப்பவரும் வேலையற்றவரும் சேர்ந்த தொழிலாளர் படை. பின்னத்தின் கீழ்ப்பகுதியை மறந்துவிட்டு மேல்பகுதியை மட்டும் பேசுவதுதான் செய்தித் தலைப்புகளின் பழக்கம்.

ஒரு கற்பனை ஊர். பெரியவர்கள் 100 பேர். 50 பேருக்கு வேலை இருக்கிறது, 5 பேர் தேடுகிறார்கள். விகிதம் 55-ல் 5, அதாவது 9.1 சதவீதம். எல்லை மூடியதும் 20 பேரின் கூலி நின்றது. அவர்களில் 12 பேர் வீட்டுப் பசுவையும் ஆட்டையும் கவனிக்கிறார்கள், அண்ணன் தோட்டத்தில் கூலியில்லாமல் கை கொடுக்கிறார்கள். கணக்கில் அவர்கள் பணியாளர்கள். 6 பேர் 'வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்று சொல்லிப் படையை விட்டே வெளியேறினார்கள். 2 பேர் மட்டும் தேடுகிறார்கள். ஏற்கெனவே தேடிய ஐந்து பேரில் மூவர் சலித்து விட்டுவிட்டார்கள். இப்போது வேலை பார்ப்பவர் 42, வேலையற்றவர் 4. விகிதம் 46-ல் 4, அதாவது 8.7 சதவீதம். இருபது வீட்டில் அடுப்பு தளர்ந்த பிறகு எண் இறங்கியிருக்கிறது.

நாட்டளவில் நடந்ததும் இதற்கு வெகு தூரமில்லை. 2018-19-ல் வேளாண்மையில் இருந்த உழைப்பாளர் பங்கு 42.5 சதவீதம், 2019-20-ல் 45.6. தொழில் வளரும் நாட்டில் இந்தப் பங்கு குறைய வேண்டும், இங்கே கூடியது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 24.5 சதவீதத்திலிருந்து 30 ஆனது. இதைப் பெண்களின் முன்னேற்றம் என்று வாசிக்கலாம். வருமானம் போன வீட்டில் இன்னொரு கை மண்ணில் இறங்கியது என்றும் வாசிக்கலாம். சம்பளம் என்ன, மணி நேரம் எவ்வளவு, சொந்த வயலா கூலியா என்ற பத்திகளைப் புரட்டினால்தான் எது எவ்வளவு என்று தெரியும். வேலையின்மைப் பத்தி அதைச் சொல்லாது.

கையிருப்பு உள்ளவரால்தான் வேலையற்றவராக இருக்க முடியும். பட்டதாரி மகன் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, தகுந்த வேலைக்குக் காத்திருக்கலாம். அவன் கணக்கில் வேலையற்றவன். அவனுக்குச் சோறு போடும் தாய் கிடைத்த கூலிக்குப் போயாக வேண்டும். அவர் கணக்கில் பணியாளர். படித்தவர்களிடையே வேலையின்மை விகிதம் எப்போதும் கூடுதலாகத் தெரிவதில் இந்தக் குடும்பக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

4. நூறு நாள் வேலையும் ரூஸ்வெல்ட்டின் வேலையும்

2020-21-ல் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஏறத்தாழ 389 கோடி மனித நாட்கள் உருவாயின. முந்தைய ஆண்டு 265 கோடி. தமிழ்நாட்டில் நாள் கூலி 256 ரூபாய். கண்மாய்க் கரையில் மண் அள்ளியவர் அந்த வாரக் கணக்கில் பணியாளர். ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஆள் பெருகுவதே வெளியில் வேலை இல்லை என்பதன் அடையாளம். மருந்தும் நோயின் அளவும் ஒரே பேரேட்டில் கலந்துபோகின்றன.

இந்தச் சிக்கலை அமெரிக்காவும் கண்டது. 1930-களின் பெருமந்தத்தில் மாதாந்தரக் கணக்கெடுப்பே கிடையாது. 1933-ல் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை என்று இன்று சொல்லப்படும் எண் பிற்கால மதிப்பீடு. ஸ்டான்லி லெபர்காட் என்ற பொருளியலாளர் அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் நிவாரண வேலைகளில் இருந்தவர்களை வேலையற்றவர்களாகவே எண்ணினார். 1976-ல் மைக்கேல் டார்பி என்ற மற்றொரு பொருளியலாளர் அவர்களைப் பணியாளர் பக்கம் மாற்றி எண்ண, முப்பதுகளின் பிற்பகுதி வேலையின்மை பெருமளவு குறைந்தது. சாலை போட்ட மனிதர்கள் அதே மனிதர்கள், பத்தி மாறியது.

2020 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த எண் 14.7 சதவீதம். பெருந்தொற்றால் வேலைக்குப் போகாதவர் பலர் 'வேறு காரணத்தால் வரவில்லை' என்று தவறாகப் பதிவானதையும், சரியாகப் பதிந்திருந்தால் எண் ஏறத்தாழ 5 புள்ளி கூடியிருக்கும் என்பதையும் அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை அறிக்கையிலேயே எழுதியது. பதிவான விடைகளை மட்டும் அது திருத்தவில்லை.

5. அறிக்கை வரும் நேரம்

இந்தியாவில் ஒற்றை எண்ணின் மீது ஐயம் புதிதல்ல. எம்.எல். தந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970-லேயே, இத்தனை வகை உழைப்பு உள்ள நாட்டுக்கு ஒரே வேலையின்மை எண் பொருந்தாது என்று சொன்னது. வருடம், வாரம், நாள் என்ற அளவுகோல்கள் அதன் வழியாகவே 1972-73 கணக்கெடுப்பில் நுழைந்தன. பிறகு பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் பெரிய கணக்கெடுப்பு. 2017-ல்தான் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்ற தொடர் கணக்கெடுப்பு தொடங்கியது.

அதன் முதல் அறிக்கையே புயலைக் கிளப்பியது. வெளியீடு தாமதமானதால் 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். நாளிதழில் கசிந்த 6.1 சதவீதம் என்ற வேலையின்மை எண், மக்களவைத் தேர்தல் முடிந்து மே 31 அன்று அதிகாரபூர்வமாக வந்தது.

வேறொரு எண்ணும் அடிக்கடி தலைப்பாகிறது: தமிழக வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. 2022-ல் அது 70 லட்சத்தைத் தாண்டியது. தனியார் வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்காகப் பதிவைப் புதுப்பித்து வருபவரும் அதில் உண்டு. பதிவே செய்யாத தோட்டத் தொழிலாளியைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

6. பள்ளத்தாக்கின் பேரேடு

தேனி மாவட்டத்துக்கென்று தனி வேலையின்மை விகிதத்தை அரசின் காலமுறைக் கணக்கெடுப்பு தந்ததில்லை. அதன் மாதிரி மாநில அளவுக்கே திட்டமிடப்பட்டது. ஆனால் மந்தத்தின் தடயம் மற்ற பேரேடுகளில் கிடைக்கும். கம்பத்திலிருந்து விடியலில் கிளம்பும் ஜீப்புகளின் எண்ணிக்கை, போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தின் வரத்து, நூறு நாள் வேலை கேட்டு வந்த மனுக்கள், நகை அடகுக் கடை வரிசை. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி நகைக் கடன் வரம்பைத் தங்க மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்த்தியபோது, வீடுகள் எதைக் கொண்டு சமாளித்தன என்பது அந்த வங்கிக்கும் தெரிந்திருந்தது.

2025 ஜனவரி முதல் கணக்கெடுப்பு மாற்றப்பட்டிருக்கிறது. எண்கள் இப்போது மாதந்தோறும், கிராமத்துக்கும் சேர்த்து வருகின்றன. மாதிரி வீடுகள் ஏறத்தாழ 1 லட்சத்திலிருந்து 2.7 லட்சத்துக்கு மேல் உயர்ந்துள்ளன. மாதிரி எடுப்பதில் மாவட்டமே அடிப்படை அலகாகியிருக்கிறது.

மாதிரியில் விழுந்த கம்பத்துத் தெரு ஒன்றுக்குக் கணக்கெடுப்பாளர் காலை பதினொரு மணிக்கு வந்தால், ஜீப்புகள் போய் ஐந்து மணி நேரமாகியிருக்கும். திண்ணையில் மாமியார் இருப்பார். மருமகளின் ஏழு நாளையும் அவர்தான் சொல்லியாக வேண்டும்: எந்த நாள் மேலே போனாள், எந்த நாள் மழையால் ஜீப் வரவில்லை, எந்த நாள் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினாள். 'அவ வேலைக்குத்தான் போறா, எழுதிக்கப்பா' என்று அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால், அடுத்த கேள்வியைப் பொறுமையாகக் கேட்கிறாரா, அடுத்த வீட்டுக்கு நடக்கிறாரா என்பது அந்தக் கணக்கெடுப்பாளரின் கையில் இருக்கிறது.